ஒன்பதா, பத்தா, பதினொன்றா?

எலக்ட்ரிக் கிடார் வாசிக்கும் இரண்டு பேர் முதல் முறையாகச் சந்தித்தால், ஊர் பெயர் விசாரிப்பெல்லாம் சீக்கிரமே முடிந்துவிடும். அடுத்த கேள்வி: "நீங்கள் எத்தனை போடுகிறீர்கள்?" பக்கத்தில் நிற்கும் மனைவிமார்கள் திடுக்கிட வேண்டியதில்லை. பேச்சு கம்பியைப் பற்றியது. "பத்து" என்பார் ஒருவர். "ஒன்பதுதான்" என்பார் மற்றவர், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. யாராவது "பதினொன்று" என்று சொல்லிவிட்டால் போதும், எல்லோரும் ஒரு கணம் மரியாதையுடன் அவருடைய விரல்களைப் பார்ப்பார்கள்.

ஆறு கம்பிகளில் மிக மெல்லியதான முதல் கம்பியின் குறுக்களவுதான் இந்த எண். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் எத்தனை பங்கு என்பது கணக்கு. பத்து என்றால் கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஒன்பதுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. இந்த அற்ப வித்தியாசத்தை வைத்து ஒரு முழு இரவு ரயில் பயணத்தைச் சண்டையிலேயே கழித்தவர்களை நான் அறிவேன். அந்தப் பெட்டியில் மேல் பர்த்தில் படுத்திருந்தவன் நான்.

நான் பதினொன்று. 40 ஆண்டுகளாகப் பதினொன்று. அதில் வீரம் ஏதுமில்லை. எனக்குக் கிடைத்தது அதுதான்.

அப்பாவுக்குத் தென்கிழக்கு ரயில்வேயில் வேலை. கல்கத்தா கார்டன் ரீச்சில் குடியிருப்பு. 1979-ல் எனக்கு 16 வயது. மிர்ஸா காலிப் தெருவில் (எங்களுக்கு அது இன்றும் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்தான்) பழைய ரெகார்டுகளுக்கு நடுவே தூசி படிந்து தொங்கிய, உள்ளூரில் செய்த எலக்ட்ரிக் கிடார் ஒன்றை மூன்று தவணையில் வாங்கினேன். கிடாரைப் பெறுவது அன்று பெரிய காரியமாக இல்லை. கம்பிதான் பிரச்சினை. 1991-க்கு முந்தைய இந்தியாவில் வெளிநாட்டு நுகர்பொருள் எதுவுமே நேர்வழியில் சுலபமாக வந்து சேராது. கிதிர்பூர் ஃபேன்சி மார்க்கெட்டில் கப்பல்காரர்கள் கொண்டுவந்த செட் எப்போதாவது கிடைக்கும். யாராவது காட்மாண்டு போய்வந்தால் கிடைக்கும். கிடைத்த கவரின் மேல் என்ன எண் இருக்கிறதோ அதுதான் உங்களுடைய எண். தேர்ந்தெடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதனால் நாங்கள் சிதார் கடைக்குப் போனோம். லால்பஜார் பக்கம் ரவீந்திர சரணியில் வரிசையாக வாத்தியக் கடைகள். உள்ளே எஃகுக் கம்பியைச் சுருள் சுருளாக வைத்திருப்பார்கள். கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கொத்தோ நம்பர்?" என்பார். இங்கே எண் தலைகீழ். சிதார், வீணைக்காரர்கள் புழங்குவது பழைய பிரிட்டிஷ் கம்பி அளவு. எண் பெரிதாகப் பெரிதாகக் கம்பி மெல்லிசாகும். அந்த அளவில் 33 என்பது மிகச் சரியாக ஆயிரத்தில் பத்து. 34, ஒன்பதுக்கு ஒரு மயிரிழை கூடுதல். கடையில் எப்போதும் தீராமல் இருந்தது 32. அது ஆயிரத்தில் பத்தே முக்கால், அதாவது கிட்டத்தட்ட பதினொன்று. இரண்டாவது கம்பிக்கு 29. மூன்றாவதற்கு 26, இது மட்டும் சில மாதங்கள் இருக்காது. 32, 29, 26 என்று கேட்டு வாங்கினால் அமெரிக்கக் கவரில் 11, 14, 18 என்று அச்சிட்டிருக்கும் அதே மூன்று கம்பிகள். இது எங்களுக்கு அப்போது தெரியாது. பின்னாளில் அட்டவணையை ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். கிடார் கம்பியின் ஒரு நுனியில் மிளகு அளவில் ஒரு பித்தளை உருளை இருக்கும்; கம்பியைப் பிரிட்ஜில் பிடித்து நிறுத்துவது அதுதான். சிதார் கம்பிக்கு அது கிடையாது. எனவே அறுந்த கம்பிகளின் உருளைகளை ஒரு தீப்பெட்டியில் சேர்த்து வைத்து, புதுக் கம்பியை அதில் மாட்டி, குறடால் ஏழெட்டு முறுக்கு முறுக்குவோம். முறுக்கு சரியில்லையென்றால் பாட்டின் நடுவே 'டிங்' என்று கழன்று கன்னத்தைப் பதம் பார்க்கும். கீழ்க் கம்பிகள் மூன்றும் சுருள் சுற்றியவை. அவற்றுக்கு மாற்றே இல்லை. ஒலி மங்கியதும் கழற்றி, அம்மா சமையலறையில் இல்லாத நேரம் பார்த்து, பாத்திரத்தில் நீர் விட்டுக் கொதிக்க வைப்போம். சுருளின் இடுக்கில் அடைந்திருக்கும் அழுக்கும் எண்ணெயும் வெளியேறி, கம்பிக்கு இன்னொரு பத்து நாள் ஆயுள் கிடைக்கும். கல்கத்தா மழைக்காலத்தில் பத்து நாளே அதிகம். துவைத்த துணி நான்கு நாள் காயாத ஊரில் இரும்பு என்ன பாடுபடும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். மேலே மெல்லிய உறை போட்ட, துரு சீக்கிரம் ஏறாத கம்பிகள் தொண்ணூறுகளின் பிற்பகுதியில்தான் வந்தன.

எங்களுக்குக் கற்றுத்தந்தவரை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவோம். பார்க் ஸ்ட்ரீட்டின் பொற்காலத்தில் ஓட்டல் பேண்டுகளில் வாசித்தவர். அவர் போட்டது பன்னிரண்டு, அதிலும் மூன்றாவது கம்பி சுருள் சுற்றியது. நடன இசைக்குழுவில் கிடார்காரரின் வேலை தனி ஆவர்த்தனம் அல்ல. பின்னால் உட்கார்ந்து அழுத்தமாகத் தாளத்தோடு கார்டு போடுவது. அதற்குத் தடித்த கம்பிதான் தோது. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை ஏற்றும் வேலையே அந்த இசையில் இல்லை. ராக் வந்து, எல்லோரும் இழுக்க ஆரம்பித்த பிறகும் அங்கிள் மாறவில்லை. மெல்லிய கம்பியைப் பொம்மைக் கிடாருக்கு என்பார். அறுபதை நெருங்கியபோது அவர் விரல்கள் முடங்க ஆரம்பித்தன. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குப் போனோம். பெட்டி மூடியிருந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பெட்டியே இல்லை, விற்றுவிட்டதாகச் சொன்னார். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. கேக் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022 மழைக்காலத்தில் ஒரு காலை, பல் துலக்கிவிட்டுக் குழாயை மூடும்போது என் இடது கை மோதிர விரல் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது. வலது கையால் பிடித்து நிமிர்த்தினேன். 'டக்' என்று துப்பாக்கி விசை போல் நிமிர்ந்தது. டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரும் விசை விரல் என்பதுதான்: ட்ரிகர் ஃபிங்கர். விரலை மடக்கும் தசைநாண் ஓடுவதற்கு ஒரு உறை இருக்கிறது. அதன் வாயில் வீக்கம் கண்டால் நாண் சிக்கிக்கொள்ளும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இது அதிகம் வரும். எனக்கு அது 12 வருடமாக இருக்கிறது.

டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. ஊசி போடலாம், ஆனால் ஸ்டிராய்டு என்பதால் சில நாள் சர்க்கரை ஏறும். சரியாகாவிட்டால் சிறிய அறுவை சிகிச்சை, உறையின் வாயைக் கீறிவிடுவது. அதுவரை பட்டை கட்டி ஓய்வு. எல்லாம் சொல்லிவிட்டு, "இந்த விரலால் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "எவ்வளவு பலம் கொடுத்து அழுத்துவீர்கள்? கிலோ கணக்கில் சொல்ல முடியுமா?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். 40 ஆண்டு வாசித்தவனிடம் அதற்குப் பதில் இல்லை.

பதில் என் மகளிடம் இருந்தது. "அப்பா, இது பதினோராம் வகுப்பு பிசிக்ஸ்" என்று ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டாள். மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1636-ல் எழுதி வைத்த விதி. கம்பியின் நீளமும் சுருதியும் மாறாமல் இருந்தால், அதற்குத் தேவைப்படும் இழுவிசை குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒன்பதிலிருந்து பத்துக்குப் போனால் குறுக்களவு கூடுவது 11 சதவிகிதம். இழுவிசை கூடுவதோ 23 சதவிகிதம். தலைமுடியில் பாதிகூட இல்லாத வித்தியாசத்தை விரல் ஏன் உடனே கண்டுகொள்கிறது என்பதற்கு விடை இந்த வர்க்கத்தில் இருக்கிறது. முழு நீள ஃபெண்டர் வகை கிடாரில், அதாவது இருபத்தைந்தரை அங்குலத்தில், முதல் கம்பி மட்டும் ஒன்பதானால் 6 கிலோ, பத்தானால் ஏழே கால், பதினொன்றானால் கிட்டத்தட்ட 9. ஆறு கம்பிகளையும் சேர்த்தால் ஒன்பது செட் 38 அல்லது 39 கிலோ. பத்து செட் 47. என்னுடைய பதினொன்று 50-ஐத் தாண்டிவிடுகிறது. ஒரு மூட்டை அரிசியைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் இத்தனை வருடமாக மேடை ஏறியிருக்கிறேன் என்று மகள் கூட்டிச் சொன்னாள்.

இழுவிசை முழுவதையும் விரல் தாங்குவதில்லை, உண்மைதான். கம்பியை ஃப்ரெட்டில் அழுத்த அதில் ஒரு சிறு பங்கு போதும். வினை வருவது இழுக்கும்போதுதான். ஒரு கம்பியை ஒரு முழு ஸ்வரம் ஏற்றி இழுக்க வேண்டுமானால் அதன் இழுவிசையைக் கால் பங்குக்கு மேல் கூட்டியாக வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், சுற்றாத எஃகுக் கம்பியில் விரல் நகர வேண்டிய தூரம் ஒன்பதிலும் பதினொன்றிலும் ஏறக்குறைய ஒன்றேதான். அந்தத் தூரத்துக்குக் கொடுக்க வேண்டிய பலம்தான் வேறு. எந்த விரலால் இழுப்போம் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் மோதிர விரலால்.

மெல்லிய கம்பி சீக்கிரம் அறும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கும் மகளின் நோட்டில் ஒரு பதில் இருந்தது. ஒரே நீளத்தில், ஒரே சுருதியில், ஒரே எஃகில் செய்த கம்பிகளுக்குள் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் பாரம் சமம்தான். மெல்லிசு என்பதற்காக அது அறுபடும் எல்லைக்கு அருகில் நிற்பதில்லை. துரு அரிப்பதும், பிரிட்ஜில் ஒரு கூரான பிசிறு கீறுவதும் வேறு விஷயம். அவை மெல்லியதைச் சீக்கிரம் தீர்த்துவிடும்.

சரி, ஒன்பதுக்கு மாற வேண்டியதுதானே என்பீர்கள். கிடார் உலகத்தில் அது அவ்வளவு எளிதல்ல. தடித்த கம்பிக்கு ஒரு புராணமே இருக்கிறது. அதன் நாயகர் டெக்ஸஸின் ஸ்டீவி ரே வான். பதின்மூன்று போட்டு, விரல் நுனி கிழிந்தால் பசை போட்டு ஒட்டிக்கொண்டு வாசித்தவர். 1990-ல் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்த பிறகு அந்த எண் மந்திரம் போலாகிவிட்டது. அவர் தன் கிடாரை அரை ஸ்வரம் இறக்கி வைத்திருந்தார் என்பதைப் பக்தர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அரை ஸ்வரம் இறக்கினால் இழுவிசையில் 11 சதவிகிதம் போய்விடும். அதே டெக்ஸஸில் பில்லி கிப்பன்ஸ் இருக்கிறார். இளம் வயதில் இவரும் தடித்த கம்பிக்காரர்தான். அவருடைய கிடாரை ஒரு நாள் வாங்கிப் பார்த்த பி.பி. கிங், எதற்கு இப்படி மெனக்கெடுகிறாய் என்று கேட்டதாக அவரே சொல்வார். பிறகு கிப்பன்ஸ் இறங்கி இறங்கி ஏழுக்கு வந்துவிட்டார். அவருடைய ஒலியை ஒல்லி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் குரு பர்மிங்காம் நகரத்துக்காரர். டோனி அயோமி இடது கைக்காரர்; கம்பியை அழுத்துவது வலது கையால். 1965-ல், 17 வயதில், தகட்டுத் தொழிற்சாலையில் வேலையை விடும் கடைசி நாளன்று இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் இழந்தார். இனி வாசிக்க முடியாது என்றார்கள். ஆலை மேலாளர் ஒரு ரெகார்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ஜாங்கோ ரைன்ஹார்ட்: 1928-ல் தீ விபத்தில் இடது கை இரண்டு விரல்கள் பயனற்றுப் போன பின்பும் ஐரோப்பாவின் தலைசிறந்த ஜாஸ் கிடார்காரரானவர். அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பிகள் செய்தார். பழைய ஜாக்கெட்டின் தோலை மேலே ஒட்டினார். தொப்பிக்கு உணர்ச்சி கிடையாது. எனவே மெல்லிய கம்பி வேண்டும். அன்று அவருக்கு அது கடையில் கிடைக்கவில்லை. பாஞ்சோ கம்பிகளை வாங்கிப் போட்டுக்கொண்டார். பிளாக் சபாத்தின் 1971 ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'க்கு வரும்போது சில பாட்டுகளுக்குக் கிடாரையே ஒன்றரை ஸ்வரம் இறக்கி இன்னும் தளர்த்திவிட்டார். உலகத்தின் மிகக் கனமான ஒலி என்று இன்றும் பையன்கள் கும்பிடும் அந்த ஒலி, இருப்பதிலேயே லேசான கம்பியிலிருந்து வந்தது.

பாஞ்சோ வழி அவருக்கு முன்பே அமெரிக்காவில் இருந்தது. ஐம்பதுகளில் ஜேம்ஸ் பர்ட்டன் போன்றவர்கள் கிடார் செட்டின் ஆறாவது கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு, மற்றதையெல்லாம் ஒரு படி கீழே தள்ளி, முதல் கம்பிக்கு பாஞ்சோ கம்பியைப் போட்டார்கள். கலிபோர்னியாவில் வாத்தியக் கடை வைத்திருந்த எர்னி பால், மாணவர்கள் 29 என்ற கனத்தில் இருந்த மூன்றாவது கம்பியோடு மல்லுக்கட்டுவதைக் கவனித்தார். ஃபெண்டரிடம் மெல்லிய செட் கேட்டார். ஆர்வம் காட்டவில்லை. தானே செய்வித்து அறுபதுகளின் தொடக்கத்தில் விற்க ஆரம்பித்தார். இன்று நாம் 'பத்து செட்', 'ஒன்பது செட்' என்று சாதாரணமாகக் கேட்பது அந்தக் கடையின் கவுன்ட்டரில் தொடங்கிய வழக்கம். ரவீந்திர சரணியில் நாங்கள் முறுக்கிக்கொண்டிருந்ததும் அதே ரகக் குறுக்கு வழிதான், 20 வருடம் தாமதமாக.

இழுப்பது என்ற கலை அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் பிடிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சிதாரில் ஒரே ஃப்ரெட்டிலிருந்து நாலைந்து ஸ்வரம் வரை இழுப்பார்கள். மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் (1969-2014) எலக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக இசையைக் கொண்டுவந்தபோது, இவ்வளவு சின்ன வாத்தியத்தில் கமகம் எப்படி வரும் என்று கேட்டவர்கள் அவர் வாசிப்பைக் கேட்டு அடங்கினார்கள். கிடார் பிரசன்னா இன்றும் எலக்ட்ரிக் கிடாரில் கீர்த்தனை வாசிக்கிறார். என் அப்பாவுக்கு ராக் பிடிக்காது. ஆனால் நான் கம்பியை இழுக்கும் சமயத்தில் மட்டும் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்துவார். அதனால்தான் எனக்கு இந்த மோதிர விரலை விட்டுக்கொடுக்க மனமில்லை. கார்டு மட்டும் போட்டுக்கொண்டு இருக்கலாமே என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். பாயசத்தில் முந்திரியை மட்டும் தவிர்த்துவிடலாம் என்று சொல்வது போல எடுத்துக்கொண்டார்கள் போலும். எனக்குப் பாயசமே அதுதான்.

ஊசி ஒன்று போட்டுக்கொண்டேன். சர்க்கரை ஒரு வாரம் ஆடியது. ஆறு வாரம் விரலில் பட்டை. பட்டையை எடுத்த அன்று ஒன்பது செட் ஒன்று வாங்கினேன். இப்போது கடைக்குப் போகக்கூட வேண்டாம். எட்டிலிருந்து பதின்மூன்று வரை, நிக்கல் பூசியது, தூய நிக்கல், உறை போட்டது, போடாதது என்று எல்லாம் மறுநாள் வாசலுக்கு வருகிறது. எதை எடுப்பது என்பதுதான் தலைவலி.

கம்பியை மாற்றினால் மட்டும் போதாது என்பதைப் புதிதாக வாசிப்பவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். 50 கிலோ இழுப்புக்குப் பழகிய நெக்கிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோவைக் குறைத்தால் அது பின்பக்கம் நிமிர்ந்துகொள்ளும். கம்பி ஃப்ரெட்டில் தட்டி நொறநொறக்கும். நெக்கின் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடைக் கால் திருகு தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் வைத்த ட்ரெமலோ பிரிட்ஜ் என்றால் ஸ்பிரிங்கையும் தளர்த்த வேண்டும்; இல்லாவிட்டால் பிரிட்ஜ் அமுங்கிப்போகும். ஒவ்வொரு கம்பிக்கும் 12-வது ஃப்ரெட்டில் சுருதி சேருகிறதா என்று பார்த்து பிரிட்ஜில் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். இதெல்லாம் முடிந்தால் பாதி வேலைதான். மீதி வேலை கையில். பழைய பலத்தில் அழுத்தினால் மெல்லிய கம்பி சுருதி ஏறி அபஸ்வரம் பேசும். முதல் இரண்டு வாரம் நான் போட்ட கார்டுகளெல்லாம் லேசாகப் புளித்திருந்தன. வலது கையும் அடக்கி வாசிக்கப் பழக வேண்டியிருந்தது. (ஷில்லாங் போன்ற மலை ஊரில் டிசம்பரில் வாசிக்கப் போகிறவர்கள் இரண்டு நாள் முன்பே கிடாரை அங்கே கொண்டுபோய் வைப்பது நல்லது. கல்கத்தா ஈரத்தில் ஊறிய மரம் அந்தக் குளிரில் தன் இஷ்டத்துக்கு வளையும்.)

ஒலி கெட்டுப்போகும் என்று முதலில் கொடி பிடித்தவர் எங்கள் டிரம்மர். 30 வருடமாக எனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்; என் ஒலி தனக்குத்தான் தெரியும் என்பது அவர் கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சுவர் பார்த்து உட்கார வைத்தோம். என்னுடைய பழைய கிடாரில் பதினொன்று. அதே ரகத்தில் பேஸ் வாசிப்பவரின் மகனுடைய கிடாரில் ஒன்பது. ஒரே ஆம்ப்ளிஃபையர். பத்து முறை மாற்றி மாற்றி வாசித்தேன். தாதா ஒவ்வொரு முறையும் தயங்காமல் தீர்ப்புச் சொன்னார். சரியாகச் சொன்னது நாலு. "ஆம்ப் சரியில்லை" என்று எழுந்துபோய் டீ போட்டார்.

வித்தியாசம் அறவே இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். கீழ்க் கம்பியில் ஓங்கி அடிக்கும்போது பதினொன்றில் ஒரு விறைப்பு இருக்கிறது. ஒன்பதில் அந்த இடத்தில் ஒரு தொளதொளப்பு. வாசிப்பவனுக்கு அது கையில் தெரியும். கேட்பவருக்குத் தெரிய வேண்டுமானால் அவரும் ஒரு கிடார்காரராக இருக்க வேண்டும். பேஸ் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் அந்த வித்தியாசத்திலும் பெரும் பங்கு போய்விடுகிறது. தடித்த கம்பிக்குத்தான் கனத்த ஒலி என்பது பெரும்பாலும் கையின் கர்வம்.

ஒன்பதிலும் விரல் மாலையில் கொஞ்சம் கனத்தது. எட்டுக்கு இறங்கலாமா என்று யோசித்து, வேறு வழியில் போனேன். பதினொன்று போட்ட பழைய கிடாரை ஓய்வில் வைத்துவிட்டு, கிப்சன் வகையில் குறைந்த நீளமுள்ள கிடார் ஒன்றை, பழையதுதான், வாங்கினேன். இருபத்தைந்தரைக்குப் பதில் இருபத்து நாலே முக்கால் அங்குலம். இந்த முக்கால் அங்குலத்தில் இழுவிசை 6 சதவிகிதம் குறைகிறது. அதோடு அரை ஸ்வரம் இறக்கிச் சுருதி சேர்த்தேன். மகள் மறுபடி நோட்டை எடுத்தாள். ஆறு கம்பிக்கும் சேர்த்து 32 கிலோ சொச்சம். பழைய மூட்டையில் ஏறக்குறைய 20 கிலோவை இறக்கி வைத்தாயிற்று. எங்கள் பாடகிக்கும் 58 வயது. அரை ஸ்வரம் இறங்கியதில் என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான். பத்து வருடமாகக் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தாராம்.

டாக்டரிடம் இந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினேன். நோட்டை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். விரலை மடக்கி நிமிர்த்தச் சொன்னார். லேசாக ஒரு சொடுக்கு இன்னும் இருக்கிறது. அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். அந்த ஆறு மாதத்தை இதுவரை இரண்டு முறை நீட்டித்திருக்கிறார். தினம் 20 நிமிடம், நடுவில் ஒரு இடைவேளை. சென்ற டிசம்பரில் முழுக் கச்சேரி வாசித்தேன். இழுக்க வேண்டிய இடங்களில் மோதிர விரலுக்குப் பின்னால் நடு விரலையும் ஆள்காட்டி விரலையும் துணைக்கு நிறுத்திக்கொள்கிறேன். மூன்று பேர் சேர்ந்து தேர் இழுப்பது போல. அரை மணிக்கு மேல் இழுத்தால் மறுநாள் காலை குழாயை வலது கையால்தான் மூட வேண்டியிருக்கிறது.

அலமாரியில் பிரிக்காத பதினொன்று செட்கள் நாலு மீதி இருந்தன. ஈரத்தில் வீணாக வேண்டாமே என்று எதிர் வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். பத்தொன்பது வயது, மெட்டல் வாசிக்கிறான், கிடாரை இரண்டு ஸ்வரம் இறக்கி வைத்திருக்கிறான். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மரியாதைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இது ரொம்ப மெல்லிசு."